நட்டது நட்டதுதான்

சித்தப்பா டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் அவர் கண் ஜன்னல் திட்டுக்குப் போனது. அங்கே என் பழைய போன் பின்மூடி இல்லாமல், ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் சாய்ந்து, சார்ஜர் சொருகி நின்றிருந்தது. திரையில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல். தொட்டுப் பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கே. யாரும் பேசலை, அப்புறம் ஏம்மா சுடுது?"

"கணக்குப் போடுது சித்தப்பா. பல்சார் தேடுது."

மின் வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பொருள் சூடாக இருந்தால் எங்கோ ஒரு மீட்டர் சுற்றுகிறது என்று யோசிக்காமலே தெரியும் அவருக்கு. யாருக்காக இந்தக் கணக்கு, உடைந்த போன் ஒன்றால் அதில் என்ன ஆகிவிடும் என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், அங்கங்கே இன்னும் கொஞ்சம் நிதானமாக.

முதலில் தேரில் ஆரம்பித்தேன். அவர் திருவாரூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். தேர் வருகிற வீதியில் லைனை ஆஃப் செய்து, குறுக்கே போகும் கம்பிகளை இறக்கி, தேர் தாண்டிப் போன பிறகு திரும்பவும் இழுத்துக் கட்டியவர். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஒரு பக்கம் தளர்ந்தால் மொத்தமும் நிற்கும். சில கணக்குகள் அப்படிப்பட்டவை. ஒரு புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று கணிக்க வேண்டுமானால், கடலையும் காற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே கணக்குப் போட வேண்டும். அதற்குத்தான் ஒரே கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கான ப்ராசசர்களை அடுக்கி, அதிவேகக் கேபிள்களால் பின்னி, சூப்பர் கம்ப்யூட்டர் என்று கட்டுகிறார்கள். வீட்டு வைஃபையில் தொங்குகிற போனுக்கு அங்கே வேலை இல்லை.

வேறு சில கணக்குகள் நடவு மாதிரி. வயலில் இறங்கிய பெண்கள் ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கிற அகலத்தை நட்டுக்கொண்டே பின்னால் போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எத்தனை குத்து நட்டார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கிற நாற்று முடி தீர்ந்தால் வரப்பிலிருந்து இன்னொன்று வந்து விழும். ஒருவர் பாதியில் கரையேறினால் அந்த இடத்தை வேறொருவர் நட்டுவிடுவார். வயதான அம்மா ஒருவர் மெதுவாகத்தான் நடுவார். ஆனால் அவர் நட்டது நட்டதுதான். அந்த அகலத்தை யாரும் மறுபடி நட வேண்டாம்.

சித்தப்பா தலையாட்டினார். "அப்போ இந்தப் போனு அந்தக் கிழவி."

அதேதான். முடி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1999 மே மாதம் சேட்டி அட் ஹோம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. வேற்றுலக அறிவுயிர்கள் யாராவது ரேடியோவில் ஒலிக்கிறார்களா என்று தேடும் வேலை. போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரசீபோ தொலைநோக்கி, 305 மீட்டர் அகலத் தட்டு, நாள் முழுக்கப் பதிவு செய்ததை அலசிப் பார்க்கப் பணமும் கம்ப்யூட்டரும் போதவில்லை. ஆகவே பதிவை 107 நொடி நீளத் துண்டுகளாக நறுக்கி, யாரெல்லாம் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சும்மா வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு துண்டு 350 கிலோபைட்டுக்குள் அடங்கியது. டயல்-அப் மோடம் காலத்திலும் அது இறங்கிவிடும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். வேற்றுலகத்தார் அகப்படவில்லை. ஆனால் வேறொரு பெரிய பயன் அந்தத் திட்டத்திலிருந்து வந்தது: முடி கொடுத்து, வாங்கி, சரிபார்க்கிற ஏற்பாட்டை மட்டும் தனியே பிரித்து, டேவிட் ஆண்டர்சன் என்பவர் 2002-ல் பாயிங்க் என்ற பொது மென்பொருளாக ஆக்கினார். அதற்குப் பிறகு எந்த விஞ்ஞானியும் தன் வயலுக்கு ஆள் கூப்பிட முடிந்தது. புரதங்களின் வடிவம், மருந்து மூலக்கூறுகள், பருவநிலை மாதிரிகள், பகா எண்கள் என்று எத்தனையோ வயல்கள்.

என் போன் இறங்கியிருக்கும் வயல் ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005-ல் தொடங்கியது, அமெரிக்காவின் மில்வாக்கியும் ஜெர்மனியின் ஹனோவரும் சேர்ந்து நடத்துவது. ஈர்ப்பலைகளைத் தேடத்தான் ஆரம்பித்தார்கள். 2009-ல் அரசீபோவின் ரேடியோ பதிவுகளில் பல்சாரும் தேடத் தொடங்கினார்கள்.

பல்சார் என்பதைச் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் போன் என்ன செய்கிறது என்பதே புரியாது.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன் வெடித்துச் சிதறிய பிறகு மிஞ்சுகிற கரு அது. குறுக்கே 20 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், எடை மட்டும் சூரியனை மிஞ்சும். அது சுழல்கிறபோது அதன் ரேடியோக் கதிர் கலங்கரை விளக்கம் போலச் சுற்றும். நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துடிப்பு. சீரான துடிப்பைக் கண்டுபிடிப்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். சிரமம் இரண்டு.

ஒன்று, வழி. விண்மீன்களுக்கு நடுவே இருக்கிற வெளியில் எலெக்ட்ரான்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடே வரும்போது குறைந்த அதிர்வெண் அலைகள் பின்தங்கிவிடும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரே நிமிஷத்தில் எக்ஸ்பிரஸும் சாதா வண்டியும் கிளம்புகின்றன என்று வையுங்கள். பத்தாவது கிலோமீட்டரில் நிற்பவருக்கு இரண்டும் இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் வரும். முந்நூறாவது கிலோமீட்டரில் நிற்பவருக்கு ஒரு மணி நேர வித்தியாசம். அதே மாதிரி ஒரே துடிப்பு இழுபட்டுக் கலைந்து வருகிறது. அதை மறுபடி ஒரு துடிப்பாகச் சேர்க்க, எவ்வளவு பின்தங்கியது என்று தெரிய வேண்டும். எத்தனை தொலைவிலிருந்து வருகிறது என்பதே தெரியாதபோது அது எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வொரு அளவாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஹனோவரில் இந்த அளவுகளை வைத்துப் பதிவைச் சரிசெய்கிறார்கள். வானத்தின் ஒரு புள்ளி, அதற்கு ஒரு அளவு, இதுதான் ஒரு முடி. ஒரே புள்ளிக்கு நூற்றுக்கணக்கான முடிகள்.

இன்னொரு சிரமம், பல்சார் தனியாக இல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். நம்மை நோக்கி வரும்போது துடிப்புகள் நெருங்கும், விலகும்போது அகலும். நிற்காத ஸ்டேஷனைக் கடக்கிற ரயிலின் ஹாரன் மாதிரி. அது எந்தச் சுற்றுப்பாதை என்றும் தெரியாது. போனின் வேலை இங்கேதான் வருகிறது. தனக்கு வந்த நாலரை நிமிடப் பதிவை எடுத்து, இந்தப் பாதையாக இருந்தால் துடிப்பு சீராகிறதா, அந்தப் பாதையாக இருந்தால் சீராகிறதா என்று ஆயிரக்கணக்கான பாதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. கடைசியில் கொஞ்சம் தேறுகிற சிலவற்றை மட்டும் சின்னப் பட்டியலாகத் திருப்பி அனுப்புகிறது. என் போனுக்கு ஒரு முடி நட ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பெரும்பாலும் பதில் 'இங்கே ஒன்றும் இல்லை' என்பதுதான். அந்த இல்லையும் வேண்டும். யாராவது பார்த்துச் சொன்னால்தான் அடுத்த இடத்துக்கு நகரலாம்.

"கிடைச்சிருக்கா?" என்றார் சித்தப்பா.

கிடைத்திருக்கிறது. 2010 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஜே2007+2722 என்று பெயர். நொடிக்கு 41 முறை போலச் சுழல்கிறது, சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவு. கண்டுபிடித்த முடிகள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டருக்கும், ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் ஒருவரின் கம்ப்யூட்டருக்கும் போயிருந்தன. அவர்கள் வானியலாளர்கள் அல்லர். வீட்டிலும் வேலையிடத்திலும் ஓடிய சாதாரணக் கம்ப்யூட்டர்கள்தான். அதன் பிறகு இன்னும் பல பல்சார்கள் இதே வழியில் கிடைத்தன. அரசீபோ தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது. மேலே தொங்கிய 900 டன் மேடை தட்டைக் கிழித்துக்கொண்டு கீழே வந்தது. அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அது பதிந்து வைத்த பதிவுகள் இருந்தன; அது விழுந்த பிறகும் அவை முடி முடியாகச் சின்ன ப்ராசசர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு கம்ப்யூட்டர் என்று சொன்னேன் அல்லவா, சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே முடி ஏன் இரண்டு பேருக்கு? சீட்டுக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதில்லையா, அதற்குத்தான். சூட்டில் தடுமாறுகிற கம்ப்யூட்டர் தப்பான விடை தரலாம். திட்டத்தார் தருகிற மதிப்பெண் புள்ளிக்கு ஆசைப்பட்டு யாராவது விடையை இட்டுக்கட்டலாம். ஒருவரையொருவர் அறியாத இருவரின் விடை ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். ஏற்றுக்கொண்டால் உழைப்புக்கு ஏற்பப் புள்ளி உண்டு. அதன் அலகுக்குக் காபில்ஸ்டோன் என்று பெயர், சேட்டியில் வேலை செய்த ஜெஃப் காப் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. புள்ளியை வைத்து டீகூட வாங்க முடியாது. ஆனாலும் அது ஏறுவதைப் பார்க்க மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

கரண்ட் போனால்? பயமில்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை எதுவரை நட்டோம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் அந்தக் குறியிலிருந்து தொடரும். முடியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் கெடு. தாண்டினால் வேறொருவருக்குப் போய்விடும். போனில் இருக்கிற படங்களையோ செய்திகளையோ அது தொடுவதில்லை. அனுப்புகிற கணக்குப் ப்ரோக்ராமில் திட்டத்தார் மின் கையொப்பம் இடுகிறார்கள். வழியில் யாராவது மாற்றினால் பாயிங்க் அதை ஓடவிடாது. எந்தத் திட்டத்தில் சேர்கிறோம் என்பதை மட்டும் நாம் பார்த்துச் சேர வேண்டும். நான் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ பின்னால் இல்லாத எதிலும் சேர்வதில்லை.

இனி போனுக்கு வருகிறேன். 1976-ல் வந்த கிரே-1 தான் அன்றைக்குச் சூப்பர் கம்ப்யூட்டர். 5 டன்னுக்கு மேல் எடை, நொடிக்கு அதிகபட்சம் 16 கோடிக் கணக்கு. இன்றைக்கு மேசை டிராயரில் கிடக்கிற சாதாரண ஆண்ட்ராய்டு போன் அதை எளிதில் தாண்டும். போன்களில் இருக்கிற ஆர்ம் வகை ப்ராசசர் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்வதற்கென்றே வளர்ந்தது. 2020-ல் உலகில் முதலிடம் பிடித்த ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டப்பட்டதும் அதே ஆர்ம் குடும்பத்தால்தான். 2013-ல் பாயிங்க் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. மறு வருடம் சாம்சங்கும் வியன்னா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் அலாரம் ஆப் கொண்டுவந்தன: தூங்கப் போகும்போது அலாரம் வைத்துச் சார்ஜில் போட்டால், விடியும்வரை போன் புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மனிதர் தூங்கும் நேரம்தான் போனுக்கு ஓய்வு நேரம்.

ஆனால் போனுக்குள் விசிறி இல்லை. பேட்டரி இருக்கிறது. இந்த இரண்டையும் மறந்ததால் நான் ஒரு போனை இழந்தேன். ஜன்னலில் இருப்பதற்கு முந்தியது அது. ரப்பர் உறையோடு, அலமாரிக்குள், நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். மூன்றாவது மாதம் எடுத்தபோது உறை இறுகிக் கழற்ற வரவில்லை. ஒருவழியாகக் கழற்றினால் பின்மூடி பூரி மாதிரி எழும்பியிருந்தது. லித்தியம் பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்திலும் சூட்டிலும் வைத்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாகும், பேட்டரி உப்பும். உப்பினதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். கை நடுங்க அணைத்து, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, மறுநாள் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்தேன். வீட்டில் குழந்தை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் பல நாள் போகவில்லை.

அதனால்தான் இப்போது இந்த ஏற்பாடு. உறை இல்லை, பின்மூடியும் இல்லை. எவர்சில்வர் தட்டு சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஜன்னல் காற்று மிச்சத்தை எடுத்துப் போகும். வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல். பாயிங்க் ஆப் முதலிலேயே சில கட்டுப்பாடுகளோடுதான் வருகிறது: சார்ஜில் இருந்தால்தான் ஓடும், பேட்டரி 40 டிகிரியைத் தாண்டினால் நிற்கும், வைஃபையில் மட்டும் முடி இறக்கும். பேட்டரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஓடும் என்பதை மட்டும் நான் 50-க்கு இறக்கிவிட்டேன். சூட்டுக் கட்டுப்பாட்டைத் தொடவே இல்லை. எட்டு கோர் இருந்தாலும் இரண்டைத்தான் ஓட்டுகிறேன். மீன் தொட்டிக்குப் போடுகிற டைமர் பிளக் ஒன்று சார்ஜரை அவ்வப்போது அணைக்கும். அப்போது கணக்கும் நிற்கும், போனும் ஆறும். சித்திரையில் மத்தியானம் முழுக்க அணைத்தே வைத்துவிடுவேன்.

சித்தப்பா அதற்குள் மனக்கணக்கில் இறங்கியிருந்தார். "எத்தனை வாட்டு இழுக்குது?"

பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 4 வாட் காட்டியது.

"நாலு. இருபத்துநாலு மணி நேரம், அறுபது நாளு." விரல் மடக்காமலே சொன்னார்: "அஞ்சே முக்கால் யூனிட்டு."

இரண்டு மாதத்துக்கு ஆறு யூனிட்டுக்கும் குறைவு, அதுவும் டைமர் இல்லாமல் இடைவிடாது ஓடினால். 100 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அதே மாதிரி ஓடவிட்டால் 144 யூனிட். இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். சித்தப்பா முகத்தில் அப்போதுதான் ஒரு திருப்தி வந்தது. இவ்வளவு நேரம் நான் விண்மீனைப் பற்றிச் சொன்னதெல்லாம் இந்த ஆறு யூனிட்டில்தான் அவருக்கு ஊன்றி நின்றது.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு ராஸ்பெரி பை இருக்கிறது. சீட்டுக்கட்டு அளவில் ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டர். 2012-ல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் ப்ரோக்ராம் எழுதிப் பழகக் கொண்டுவந்தார்கள். நாலாவது மாடல் முழுமூச்சாக ஓடினால் 6 வாட் போல இழுக்கும். உப்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை. 80 டிகிரி வந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முழு அலுமினியக் கூடு ஒன்று மாட்டினால் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. கவனிக்க வேண்டியது மெமரி கார்டைத்தான். குறித்து வைக்கிற வேலை நாள் முழுக்க நடப்பதால் மலிவான கார்டுகள் தேய்ந்து போகும். குறிப்பதை அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டால் ஆயுள் கூடும். 64 பிட் இயங்குதளம் போட்டுக்கொள்வது நல்லது; பல திட்டங்கள் 32 பிட்டுக்கு முடி கொடுப்பதில்லை.

ஆனால் இதற்காகவே பத்து பை வாங்கி அடுக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒரு நாளில் போடும் கணக்குக்கு என் போனுக்கு மாதக்கணக்கு ஆகும். 2020-ல் கொரோனா வந்தபோது ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் உலகமே வந்து சேர்ந்தது. வைரஸின் முள் புரதம் எப்படித் திறக்கிறது என்ற கணக்கில் அதன் மொத்த வேகம் எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது, அதாவது நொடிக்கு, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழி போட்ட அத்தனை கணக்கு. அதில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுகளுடையது. ஒரு பொருளைப் புதிதாகச் செய்ய எவ்வளவு தண்ணீர், எவ்வளவு தாது, எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால், வாங்காத பொருள்தான் மிச்சம். ஏற்கெனவே செய்து முடித்து, நாம் பயன்படுத்தி முடித்து, டிராயரில் கிடக்கிற போனுக்குத்தான் நான் வாதாடுகிறேன். அதைச் செய்த செலவு எப்போதோ கழிந்துவிட்டது. உள்ளே இருக்கிற ப்ராசசர் தேயவில்லை. திரை உடைந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே இரண்டு போன், சித்தியுடையது ஒன்று, அவருடையது ஒன்று. சார்ஜர் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைக் காட்டினேன்: போனைச் சமமான தரையில் மல்லாக்க வைத்து, ஒரு மூலையில் விரல் வைத்துச் சுண்டிவிட வேண்டும். தட்டையாக இருந்தால் உரசி நிற்கும். பேட்டரி உப்பி முதுகு புடைத்திருந்தால் பம்பரம் போலச் சுற்றும். கண்ணுக்குத் தெரியாத உப்பலும் அதில் தெரிந்துவிடும்.

சித்தியின் போனை மொசைக் தரையில் வைத்து அவரே சுண்டினார். ஒன்றரைச் சுற்று சுற்றி நின்றது. ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தனியே, வாசல் பக்கம் வைத்தார். தன் போனை வைத்துச் சுண்டினார். கால் சுற்றுகூடப் போகவில்லை. இன்னொரு முறை சுண்டிப் பார்த்தார்.

"சுத்தலை" என்றார். "உன் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லு."